பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்: குடும்பத்துக்கு ஏற்ற நடுத்தர பிக்கப் எது?

அமெரிக்காவில் வீடு வாங்கிக் கொஞ்சம் நிலைபெற்ற நம் குடும்பங்களில், இரண்டாவது வண்டி எடுக்கும் நேரத்தில் பிக்கப் ஆசை எட்டிப்பார்க்கிறது. தோட்டத்துக்கு மண் மூட்டை, ஹோம் டிப்போவில் பலகை, பொங்கல் விழாவுக்கு அடுப்பும் அண்டாவும், பிள்ளைகளின் சைக்கிள், கோடையில் முகாம் சாமான் எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி என்ற எண்ணம். அதன் பிறகு கேள்வி இப்படி வருகிறது: “வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். வருஷத்தில் பாதி நாள் அம்மா அப்பா ஊரிலிருந்து வந்து இருப்பார்கள். தினமும் ஆபீஸ், பள்ளிக்கூடம். சொகுசாக இருக்க வேண்டும். ஹோண்டா ரிட்ஜ்லைனா, டொயோட்டா டகோமாவா, வேறு ஏதாவதா?”

இந்தக் கேள்விக்கான விடை எஞ்சினில் இல்லை. பின்சீட்டில் யார் உட்காரப்போகிறார்கள் என்பதில் இருக்கிறது. ஓட்டுகிறவருக்கு இன்றைய பிக்கப்கள் எல்லாமே வசதியானவைதான். சோதனை ஓட்டத்தின்போது அவர் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதால்தான், ஆறு மாதம் கழித்துப் பின்னால் உட்காருகிறவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

ஊரிலும் வளைகுடாவிலும் டொயோட்டாவின் ஹைலக்ஸ் பிக்கப்பைப் பார்த்துப் பழகியவர்கள் அது ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்பார்கள். இறக்குமதியாகும் இலகு ரக டிரக்குகளுக்கு அமெரிக்கா 1964 முதல் 25 சதவீத வரி விதிக்கிறது. அமெரிக்கக் கோழிக்கறிக்கு ஐரோப்பா போட்ட வரிக்குப் பதிலடியாக வந்ததால் அதை இன்றும் ‘கோழி வரி’ என்றே சொல்கிறார்கள். அதனால் இங்கே விற்கும் பிக்கப்கள் பெரும்பாலும் வட அமெரிக்காவிலேயே செய்யப்படுபவை: ரிட்ஜ்லைன் அலபாமாவில், நிஸ்ஸான் ஃபிரான்டியர் மிசிசிப்பியில், செவ்ரோலே கொலராடோ மிசூரியில், ஃபோர்டு ரேஞ்சர் மிஷிகனில், டகோமா மெக்சிகோவில். தேர்வு இந்த ஐந்துக்குள்தான். ஆறாவதான ஜீப் கிளாடியேட்டரைப் பற்றிக் கடைசியில் இரண்டு வரி.

## எதை வைத்து அளப்பது?

பின்சீட்டின் இடம். விளம்பரத்தில் குதிரைத்திறனைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். நீங்கள் தேட வேண்டியது பின்சீட்டில் கால் வைக்கும் இடம் எத்தனை அங்குலம் என்பதை. இந்த ஐந்தில் அது 33-லிருந்து கிட்டத்தட்ட 37 அங்குலம் வரை மாறுகிறது. மூன்று அங்குலத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். பின்பக்கம் பார்த்து வைக்கும் குழந்தை சீட்டைப் பொருத்திப் பாருங்கள், அந்த மூன்று அங்குலத்தின் அருமை தெரியும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, அந்த சீட்டின் எடை, உயர வரம்பை எட்டும்வரை குழந்தையைப் பின்நோக்கியே உட்கார வைக்கச் சொல்கிறது. பல குழந்தைகளுக்கு அது இரண்டு வயதையும் தாண்டி நீளும். 33 அங்குலக் கேபினில் அந்த சீட் சாய்ந்து உட்கார இடம் போதாது. முன்சீட்டை முன்னே தள்ள வேண்டியிருக்கும். அங்கே உட்காருகிறவரின் முழங்கால் டேஷ்போர்டை முட்டும்.

பிக்கப்பில் பின்சீட்டுக்குப் பின்னால் டிக்கி கிடையாது. கேபினின் சுவர்தான் இருக்கிறது. அதனால் சாய்மானம் காரைவிட நிமிர்ந்து நிற்கும். கடைக்குப் போய்வர அது பரவாயில்லை. மூன்று மணி நேரப் பயணத்தில் அறுபது வயதைத் தாண்டிய முதுகு அதைச் சொல்லிக் காட்டும்.

குழந்தை சீட்டின் மேல்பட்டையை மாட்டும் இடமும் வேறு. பல பிக்கப்களில் சீட்டுக்குப் பின்னால் கொக்கி மாட்டும் கம்பி கைக்கு எட்டும்படி இருக்காது. துணி வளையம் இருக்கும். பட்டையை ஒரு வளையத்துக்குள் விட்டு, பக்கத்து இருக்கையின் வளையத்தில் மாட்ட வேண்டியிருக்கும். பிழையாக மாட்டுவது எளிது. கையேட்டில் அந்தப் பக்கத்தை வாங்கும் முன்னரே படித்துவிடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் (ஐ.ஐ.எச்.எஸ்.) 2023-ல் பின்சீட்டிலும் ஒரு பொம்மையை வைத்து இந்த வகை பிக்கப்களை மோதிப் பார்த்தது. முன்சீட்டுக்காரர்களுக்கு நல்ல பாதுகாப்பு இருந்தும் பின்சீட்டுக்காரருக்கு அது இல்லை. ஃபிரான்டியருக்கு ‘சுமார்’ என்ற மதிப்பெண். கொலராடோ, ரேஞ்சர், டகோமா, கிளாடியேட்டர் நான்குக்கும் ‘மோசம்’. ரேஞ்சரும் டகோமாவும் அதன் பிறகு 2024-ல் முழுக்கப் புதிய வடிவத்தில் வந்துவிட்டன. அதனால் நீங்கள் வாங்கும் ஆண்டு மாடலின் மதிப்பெண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் தனியாகப் பாருங்கள். ‘மிதமான முன்மோதல், புதிய சோதனை’ என்ற வரியில் பின்பயணிக்கு என்ன போட்டிருக்கிறது என்பதே உங்களுக்கு வேண்டிய தகவல்.

சவாரி. காலியாகப் போகும் லாரியின் பின்பக்கம் பள்ளத்தில் எப்படித் தூக்கிப் போடும் என்று பார்த்திருப்பீர்கள். பெரும்பாலான பிக்கப்களின் பின்பக்கமும் அதே முறையில் அமைந்ததுதான்: இரும்புப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங், இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பவுண்டு சுமையைத் தாங்குமாறு செய்த ஸ்பிரிங், காலி வண்டியில் விறைத்து நிற்கிறது. இடது சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் வலது சக்கரமும் அதை உணரும். அந்த அச்சுக்கு நேர் முன்னால் உட்காருவது பிள்ளைகள். வண்டியில் வாந்தி எடுக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதை முதல் அளவுகோலாக வையுங்கள். பின்பக்கம் சுருள் வடிவக் காயில் ஸ்பிரிங் இருந்தால் ஆட்டம் குறையும். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பானால் கார் போலவே இருக்கும்.

ஏறி இறங்குவது. புடவை கட்டிய மாமியார் கைப்பிடி பிடித்து ஏறும் உயரமா, தூக்கிவிட வேண்டிய உயரமா? காட்டுப்பாதைக்கென்று உயர்த்திய ட்ரிம்களில் (ஒரே மாடலுக்குள் வரும் வசதி வகைகளில்) இது கண்கூடாகத் தெரியும்.

உண்மையான சுமை. எவ்வளவு இழுக்கும் என்ற எண்ணை எல்லோரும் கேட்கிறார்கள். எவ்வளவு தாங்கும் என்பதைக் கேட்பவர் குறைவு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அந்த வண்டிக்கென்றே அதில் அச்சிட்டிருப்பார்கள். 1,200 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் மூவர், பிள்ளைகள் இருவர்: 650. பின்னால் மாட்டிய மூடி, ஏறுபடி: 100. மிச்சம் 450. இப்போது 4,000 பவுண்டு டிரெய்லரை மாட்டினால் அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 400 முதல் 600 பவுண்டு, கொக்கியை அழுத்தும். பின்னால் சாமான் ஏற்றும் திறந்த பகுதியான ‘பெட்’டில் எதுவும் வைக்காமலே வரம்பு ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. 6,500 பவுண்டு இழுக்கும் என்று சிற்றேட்டில் போட்ட வண்டியும் குடும்பத்தோடு அவ்வளவு இழுக்காது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

நான்கு சக்கர இயக்கம். பனி விழும் மாநிலத்தில் இருப்பவர்களுக்கு மிக முக்கியம். பல பிக்கப்களில் இருப்பது பகுதிநேர ஃபோர்-வீல் டிரைவ். காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போட்டு ஓட்டக்கூடாது. வளைவில் பற்சக்கரங்கள் இறுகும். பாதி பனி, பாதி ஈரம், பாதி காய்ந்த சாலை என்று மாறிமாறி வரும் நியூஜெர்சிக் காலைப்பொழுதில் போடுவதும் எடுப்பதுமாக இருக்க வேண்டும். ஆல்-வீல் டிரைவ் இந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

## ஒரே பார்வையில்

விலைகள் 2025 மாடலின் ஆரம்ப விலையை ஒட்டியவை, போக்குவரத்துக் கட்டணம் சேர்க்காமல்.

| | ரிட்ஜ்லைன் | டகோமா | ஃபிரான்டியர் | கொலராடோ | ரேஞ்சர் |
|---|---|---|---|---|---|
| பின்சீட் கால் இடம் (அங்குலம்) | 36.7 | 33.7 | 33.2 | 34.7 | 34.6 |
| பின் சஸ்பென்ஷன் | தனித்தனி சக்கரம் | பெரும்பாலும் காயில் | லீஃப் | லீஃப் | லீஃப் |
| எஞ்சின் | 3.5 லிட்டர் வி6 | 2.4 டர்போ, ஹைப்ரிடும் உண்டு | 3.8 லிட்டர் வி6 | 2.7 டர்போ | 2.3 டர்போ, 2.7 வி6 |
| குதிரைத்திறன் | 280 | 228–278, ஹைப்ரிட் 326 | 310 | 310 | 270, 315 |
| அதிகபட்ச இழுவை (பவுண்டு) | 5,000 | 6,500 | சுமார் 7,000 | 7,700 | 7,500 |
| ஆரம்ப விலை (டாலர்) | சுமார் 40,000 | சுமார் 32,000 | சுமார் 32,000 | சுமார் 32,000 | சுமார் 33,000 |

மைலேஜைத் தனி வரியாகப் போடவில்லை. ஐந்துமே பெரும்பாலும் நகரமும் நெடுஞ்சாலையும் கலந்த ஓட்டத்தில் கேலனுக்கு 19-லிருந்து 23 மைலுக்குள் அடங்கிவிடுகின்றன. அதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

## ஹோண்டா ரிட்ஜ்லைன்

பிக்கப் பிரியர்கள் இதை டிரக்காகவே ஒப்புக்கொள்வதில்லை. தனி இரும்புச் சட்டகத்தின் மேல் உடலைத் தூக்கி வைத்த அமைப்பு இதில் இல்லை. கார்களைப் போல உடலும் சட்டகமும் ஒன்றே. குடும்பத்துக்கு இதுவே பெரிய லாபம் என்பது என் கருத்து. பின்சக்கரங்கள் தனித்தனியே இயங்குவதால் பின்சீட்டில் ஆட்டம் குறைவு. தரை தாழ்வாக இருப்பதால் வயதானவர்கள் ஏறுவது எளிது. 2021 மாடலிலிருந்து எல்லா ட்ரிம்களிலும் ஆல்-வீல் டிரைவ் இருக்கிறது.

பின்சீட்டின் அடிப்பகுதியை மேலே மடித்துவிட்டால் தட்டையான தரை கிடைக்கும். சைக்கிளை நிறுத்தி வைக்கலாம், பெரிய டிவி பெட்டியை மழையில் நனையாமல் கொண்டுவரலாம். பெட்டின் தரைக்கடியில் 7.3 கன அடியில் பூட்டக்கூடிய டிக்கி ஒன்று. காஸ்ட்கோவில் வாங்கிய அரிசி மூட்டையும் மளிகையும் அதற்குள் போய்விடும். மற்ற நான்கிலும் இதற்காகவே நீங்கள் மூடி வாங்க வேண்டும். பெட்டின் பின்கதவு கீழ்நோக்கியும் திறக்கும், வீட்டுக் கதவு போலப் பக்கவாட்டிலும் திறக்கும். சக்கர மேடுகளுக்கு இடையே நான்கடி அகலப் பலகை தட்டையாகப் படுக்கும். ரேஞ்சரைத் தவிர மற்றவற்றில் மேட்டின் மேல் சாய்ந்து நிற்கும்.

குறைகளும் உண்டு. ஸ்டெப்னி அந்தத் தரையடி டிக்கிக்குள் இருக்கிறது. பெட் நிறைய மண் ஏற்றிவரும்போது டயர் பஞ்சரானால் மண்ணை இறக்கித்தான் ஸ்டெப்னியை எடுக்க வேண்டும். இழுவை 5,000 பவுண்டோடு நிற்கிறது. சின்ன முகாம் டிரெய்லருக்கும் மீன்பிடிப் படகுக்கும் போதும், பெரிய டிரெய்லருக்கு ஆகாது. கரடுமுரடான மலைப்பாதைக்கான வண்டியும் அல்ல. பலர் கவனிக்காத செலவு ஒன்று: இதன் எஞ்சினில் டைமிங் பெல்ட் (எஞ்சின் பாகங்களை ஒத்திசைத்து ஓட்டும் ரப்பர் பட்டை) இருக்கிறது. சுமார் 1,00,000 மைலில் அதை மாற்ற ஆயிரம் டாலரைத் தாண்டும். மற்ற நான்கிலும் சங்கிலி என்பதால் அந்தச் செலவு இல்லை.

ஆரம்ப விலை 40,000 என்பதைப் பார்த்துப் பலர் விலகிப்போகிறார்கள். அந்த விலையில் நான்கு கதவு, வி6, ஆல்-வீல் டிரைவ் எல்லாம் அடக்கம். மற்றவற்றின் 32,000 டாலர் வண்டி பெரும்பாலும் பின்சக்கர இயக்கம் மட்டும் கொண்ட, வேலைக்கென்று செய்த அடிப்படை ட்ரிம். அவற்றிலும் நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம், நல்ல சீட் என்று சேர்த்துக்கொண்டே போனால் 38,000, 40,000 வந்துவிடும்.

யாருக்கு: பின்சீட்டில் தினமும் ஆட்கள் இருக்கும் வீட்டுக்கு. கேட்பவர்களில் பெரும்பாலோர் இந்த வகையே.

## டொயோட்டா டகோமா

2024-ல் முழுக்கப் புதிதாக வந்தது. முந்தைய டகோமாவில் ஓட்டுபவர் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தது போல இருக்கும்; இப்போது அது சரியாகிவிட்டது. அடிப்படை எஸ்ஆர் தவிர்த்த நான்கு கதவு வகைகளில் பின்பக்கம் காயில் ஸ்பிரிங். பழைய டகோமாவோடு ஒப்பிட்டால் சவாரி வெகுவாக மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் ரிட்ஜ்லைன் அளவுக்கு அமைதி இல்லை.

பின்சீட் இன்னும் இடுக்கம்தான். இங்கே மூன்று எச்சரிக்கைகள். எக்ஸ்ட்ராகேப் என்ற இரண்டு கதவு வகையில் இப்போது பின்சீட்டே கிடையாது. விலையைப் பார்த்து அதில் ஆசை வைக்காதீர்கள். ஹைப்ரிடில் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருப்பதால், அந்த இடத்தில் சாமான் வைக்க முடியாது. மூன்றாவது, விலை உயர்ந்த டிஆர்டி புரோ. அதன் முன்சீட்களின் முதுகில் அதிர்வு தாங்கும் அமைப்பு பொருத்தியிருப்பதால், இருக்கிற கொஞ்சம் கால் இடமும் சுருங்கிவிடுகிறது. அதிகப் பணம் கொடுத்துப் பின்சீட்டைக் குறைத்து வாங்குவது குடும்பத்துக்குச் சரிப்படாது.

ஹைப்ரிட் மைலேஜுக்காக வாங்க வேண்டியது அல்ல. ஒன்றிரண்டு மைல்தான் கூடுகிறது. அது வலுவுக்காகச் செய்தது. பனி மாநிலத்தில் இருந்துகொண்டு டகோமாதான் வேண்டும் என்றால் லிமிட்டெட் ட்ரிமின் ஹைப்ரிடைப் பாருங்கள். அதில் மட்டும் முழுநேர ஃபோர்-வீல் டிரைவ் உண்டு.

டகோமாவின் உண்மையான பலம் மறுவிற்பனை. அமெரிக்கச் சந்தையில் மதிப்பை மிக மெதுவாக இழக்கும் வண்டிகளில் இது ஒன்று. ஐந்து வருஷத்தில் விற்றுவிட்டு ஊருக்குத் திரும்பலாம், வேறு மாநிலத்துக்குப் போகலாம் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு, விசா நிலவரம் உறுதியாகத் தெரியாதவர்களுக்கு, இது சாதாரண விஷயம் இல்லை.

யாருக்கு: பிள்ளைகள் உயரம் கூட்டும் பூஸ்டர் சீட் வயதுக்கு வந்துவிட்ட, கால்கள் இன்னும் நீளாத வீட்டுக்கு. வார இறுதியில் மலைப்பாதைக்கு உண்மையிலேயே போகிறவர்களுக்கு.

## நிஸ்ஸான் ஃபிரான்டியர்

நேர்மையான, பழைய பாணி டிரக். டர்போ இல்லாத 3.8 லிட்டர் வி6, 310 குதிரைத்திறன், 9 கியர் ஆட்டோமேட்டிக். முன்சீட் நீண்ட பயணத்துக்கு இதமானது. ஸ்டீயரிங்கை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதியே 2025-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வண்டியை எடுப்பவர்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஐந்தில் பின்சீட் மிகக் குறுகியது இதில்தான், சவாரி விறைப்பு. கிங் கேப் என்ற சின்னக் கேபின் வகையின் பின்சீட் அவசரத்துக்கு உட்காரும் பலகை என்றே கொள்ளுங்கள்.

நான்கு கதவு கேபினோடு ஆறடி நீளப் பெட் கிடைப்பது இதன் சிறப்பு. டகோமாவிலும் உண்டு, கொலராடோ, ரேஞ்சர் இரண்டிலும் கிடையாது. ஆனால் அப்போது வண்டியின் நீளம் 18 அடியைத் தாண்டுகிறது. உங்கள் கராஜை அளந்தீர்களா?

யாருக்கு: கடன் குறைவாக வாங்க நினைப்பவர்களுக்கு, பின்சீட்டில் எப்போதாவது மட்டும் ஆள் ஏறும் வீட்டுக்கு.

## செவ்ரோலே கொலராடோ, ஃபோர்டு ரேஞ்சர்

இரண்டையும் சேர்த்தே பேசலாம். இரண்டும் இப்போது நான்கு கதவு, சுமார் ஐந்தடிப் பெட் என்ற ஒரே வடிவில் மட்டும் வருகின்றன. இரண்டிலும் பின்சீட் நடுத்தரம், லீஃப் ஸ்பிரிங், வலுவான இழுவை. கொலராடோவின் 2.7 டர்போவில் நான்கு சிலிண்டர் என்றாலும் இழுவிசை அபாரம். 7,700 பவுண்டு இழுக்கிறது. ரேஞ்சரின் 2.3 எஞ்சின் தினசரி ஓட்டத்துக்கு மென்மை, 10 கியர் பெட்டி அதற்குத் துணை. டிரெய்லர் இருந்தால் 2.7 வி6.

சாதாரண சாலை டயர் போட்ட நடுத்தர ட்ரிம் வரை இரண்டும் நல்ல குடும்ப வண்டிகள். கொலராடோவின் டிரெயில் பாஸ், இசட்ஆர்2 போன்றவை உயர்த்தப்பட்டவை. பாட்டிக்கு ஏறுபடி இல்லாமல் முடியாது. காட்டுப்பாதை டயரின் இரைச்சல் நெடுஞ்சாலையில் பின்சீட்டில்தான் அதிகம் கேட்கும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். கொலராடோவின் சகோதரனான ஜிஎம்சி கேன்யன் கொஞ்சம் அலங்காரம் கூடிய அதே வண்டி.

யாருக்கு: 5,000 பவுண்டுக்கு மேற்பட்ட படகோ முகாம் டிரெய்லரோ ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு. ‘ஒருநாள் வாங்கலாம்’ என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கிளாடியேட்டர்: பின்சீட்டில் கால் இடம் 38.3 அங்குலம், எல்லாவற்றையும்விட அதிகம். ஆனால் கழற்றும் கூரையின் காற்றிரைச்சலும், முன்னும் பின்னும் ஒற்றை அச்சின் அலைச்சலும் தினசரிப் பயணத்துக்கு ஒத்துவராது. பின்சீட்டுக்குப் பக்கவாட்டு ஏர்பேக் திரை வந்ததே 2024 மாடலில்தான்.

## விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

பெட்டை மூடும் உறை முதலில் வரும். மூடாவிட்டால் மழையும் திருட்டும். பெட்டியைப் பெட்டில் வைத்துவிட்டு உணவகத்துக்குள் போக முடியாது. துணி உறை சில நூறு டாலர், பூட்டும் கடின உறை ஆயிரத்தைத் தாண்டும். அதன் பிறகு பெட்டின் உட்பக்கம் கீறாமல் காக்கும் லைனர், ஏறுபடி, சாமான் உருளாமல் இருக்க வலையும் பட்டையும்.

பதிவுக் கட்டணத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. கலிபோர்னியாவில் பிக்கப் என்றால், சொந்த உபயோகத்துக்கே ஆனாலும், வணிக வண்டியாகப் பதிவாகி ஒவ்வொரு வருஷமும் எடைக் கட்டணமும் சேரும். இல்லினாயில் தனி டிரக் எண்பலகை. சில குடியிருப்புச் சங்கங்கள் பிக்கப்பை வாசலில் இரவு நிறுத்தக்கூடாது என்று விதி வைத்திருக்கின்றன. சங்கத்தின் விதிப் புத்தகத்தை வண்டி வீட்டுக்கு வரும் முன் புரட்டுங்கள்.

பெட்ரோல் கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. வருஷம் 12,000 மைல், கேலனுக்கு 21 மைல் என்றால் 571 கேலன். அதே தூரத்தை 36 மைல் தரும் டொயோட்டா சியன்னா மினிவேன் 333 கேலனில் முடிக்கும். கேலன் 3 டாலர் என்றாலும் வருஷம் 700 டாலருக்கு மேல் வித்தியாசம், கலிபோர்னியா விலையில் ஆயிரத்தைத் தாண்டும்.

## பிக்கப்பே வேண்டாம் என்றால்?

அந்த சியன்னாவை உதாரணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அது 3,500 பவுண்டு டிரெய்லரை இழுக்கும், ஏழு எட்டுப் பேர் உட்காரலாம், பக்கக் கதவு தானாகத் திறக்கும். வருஷத்தில் நாலைந்து முறை மட்டும் மண்ணும் பலகையும் கொண்டுவர வேண்டும் என்றால், ஹோம் டிப்போவிலேயே டிரக்கை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். தாத்தா பாட்டியும் இரண்டு குழந்தைகளும் இருக்கும் வீட்டில், இந்தப் பிக்கப்களில் ஆறு பேருக்கு இடமே கிடையாது என்பதைக் கடையில் நிற்கும்போது மறந்துவிடுகிறோம். ஊரில் போல பின்னால் பெட்டில் ஏற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் அடியோடு வேண்டாம். அங்கே இருக்கையும் இல்லை, பெல்ட்டும் இல்லை. பல மாநிலங்களில் சட்டமும் தடுக்கிறது.

ஒரே குழந்தை, நகரத்துக்குள் ஓட்டம், சின்ன சுமை என்றால் ஒரு படி கீழே இறங்கி ஃபோர்டு மேவரிக் ஹைப்ரிடைப் பாருங்கள். பெட் நாலரை அடிதான். ஆனால் கேலனுக்கு 37 மைலை ஒட்டித் தருகிறது, தாழ்வானது, நிறுத்த எளிது. ஹூண்டாய் சான்டா குரூஸும் அதே அளவில் வந்த வண்டி. அதற்கு ஹைப்ரிட் இல்லை.

## டீலரிடம் போகும் நாளில்

வீட்டிலுள்ள குழந்தை சீட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள். ஓட்டுநர் சீட்டை உங்கள் உயரத்துக்கு வைத்துவிட்டு, அதன் பின்னால் குழந்தை சீட்டை நீங்களே பொருத்துங்கள்; விற்பனையாளரைப் பொருத்தவிடாதீர்கள். பெரியவர்கள் ஊரிலிருந்து வந்திருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது மனைவியோ கணவரோ ஓட்டட்டும், நீங்கள் பின்சீட்டில் உட்காருங்கள். நெடுஞ்சாலையில் மட்டும் போய்த் திரும்பாமல் ரயில் தண்டவாளம் கடக்கும் இடத்தையும் பள்ளமான தெருவையும் தேடிப் போங்கள். உயரமான முகப்புக்கு முன்னால் சின்னப் பிள்ளை நின்றால் ஓட்டுபவருக்குத் தெரியாது என்பதால், முன்பக்க சென்சாரோ சுற்றிப் பார்க்கும் கேமராவோ உள்ள ட்ரிமுக்குப் பணம் ஒதுக்குங்கள். தோல் சீட்டைவிட அதுதான் அவசியம்.

பழைய வண்டி எடுப்பவர்களுக்கு. 2023 வரையிலான டகோமா பயன்படுத்திய வண்டிச் சந்தையில் அவ்வளவு விலை போகிறது, பல சமயம் புதியதற்கும் அதற்கும் இடைவெளி சொற்பம். லீஃப் ஸ்பிரிங்கும் இன்னும் குறுகிய பின்சீட்டும் கொண்ட அந்த மாடலுக்கு அந்தப் பணத்தைக் கொடுக்கச் சொல்ல மாட்டேன். ரிட்ஜ்லைனில் 2017 முதல் 2020 வரையிலான மாடல்கள் நல்ல விலைக்குக் கிடைக்கும். ஆனால் அவற்றில் முன்சக்கர இயக்கம் மட்டும் கொண்ட வண்டிகளும் கலந்திருக்கின்றன, ஆகையால் ஆல்-வீல் டிரைவ்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். 9 கியர் பெட்டி வந்தது 2020-ல். ஓடோமீட்டர் 1,00,000 மைலை நெருங்கியிருந்தால் டைமிங் பெல்ட் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். இல்லை என்றால் அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள்.